வெள்ளம் நின்ற கோட்டின் மேல் வெள்ளை அடிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருநெல்வேலி சிந்துபூந்துறையில் குடியிருக்கிறேன். முப்பத்து நான்கு வருஷமாக வெள்ளையடிக்கும் வேலை. ஆரம்பத்தில் சிப்பிச் சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, சாக்கில் வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்து அடித்தோம். அப்புறம் டிஸ்டெம்பர் வந்தது, அதன் பிறகு பட்டி, பிரைமர், எமல்ஷன். இப்போது எங்களைப் பெயிண்டர் என்கிறார்கள். பொங்கலுக்கு வீடுகளைச் சுத்தம் பண்ணி வெள்ளையடிக்கும் நேரம் வந்துவிட்டது. எல்லோரும் பிரஷ்ஷைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தை உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் தேதி. விடாத மழை. சாயங்காலமே தாமிரபரணி ஆற்றில் தண்ணீர் கூடிக்கொண்டு போகிறது என்று பேச்சு. எங்கள் தெருவில் ஒரு பெரியவர், 1992 வெள்ளத்தை நினைத்து, "92-லேயே இந்த நடைக்கு மேல ஏறல, பயப்படாதிய" என்றார். அவர் பொய் சொல்லக்கூடியவர் இல்லை. அந்தப் பேச்சை நம்பி நாங்கள் இரண்டு மணி நேரம் சும்மா இருந்தோம். அரிசிச் சாக்கை மட்டும் கட்டிலில் ஏற்றினேன். கரண்ட் போனது. அதன் பிறகு தண்ணீர் வாசல் நடையைத் தாண்டியதற்கும் முழங்காலுக்கு வந்ததற்கும் இடையில் கைவிளக்கைத் தேடி எடுக்கும் நேரம்தான் இருந்தது. நடக்க முடியாத என் அம்மாவை நானும் மகனும் நாற்காலியோடு தூக்கி எதிர்வீட்டு மாடிக்குக் கொண்டு போனோம். பேத்திக்கு அப்போது ஐந்து வயது. அவளை மருமகள் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தாள். மூன்றாம் நாள்தான் இறங்கி வந்தோம்.

வீட்டுக்குள் வந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது சுவர்தான். தொழில் அப்படி. பட்டாசல், அடுக்களை, உள்ளறை என்று நாலு சுவரையும் சுற்றி என் நெஞ்சு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தபோது நின்று நின்று இறங்கிய சின்னக் கோடுகள், பத்தமடைப் பாயில் கோரை ஓடுகிற மாதிரி. கொத்தனார் குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பார்ப்பார். இது தாமிரபரணியே வந்து பார்த்துவிட்டுப் போன மட்டம். ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

அந்தப் பொங்கலைப் போல எனக்கு வேலை வந்த பொங்கல் கிடையாது. நம் ஊரில் ஜங்ஷன், மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை, அப்புறம் கீழே ஸ்ரீவைகுண்டம், ஏரல். ஏரல் கடைத்தெருவில் கோடு என் தலைக்கு மேலே இருந்தது. போன இடமெல்லாம் ஒரே பேச்சுதான்: "அண்ணாச்சி, கோடு தெரியப்படாது." யாரையும் குறை சொல்லவில்லை. பொருள், ஆடு, கடைச் சரக்கு, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் போன பிறகு, தினமும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு சோறு தின்ன யாருக்கு மனசு வரும்? சுரண்டியால் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, ஃபேன் வைத்துக் காய விட்டு, இரண்டு கோட் பட்டி இழுத்து, மேலே பெயிண்ட் அடித்தோம். ஈரம் முழுதாகக் காயாத சுவர். அதனால் பல வீடுகளில் மாசி மாதத்திலேயே உப்புப் பூத்து, அதே மட்டத்தில் கோடு மறுபடியும் தெரிந்தது. திரும்பக் கூப்பிட்டார்கள். திரும்பவும் அழித்தேன். எத்தனை வீடு என்று எண்ணவில்லை. நூறுக்குக் குறையாது.

அதில் ஒரு வீட்டை மட்டும் சொல்ல வேண்டும். ஜங்ஷன் பக்கம் ஒரு சந்தில் வாடகை வீடு. தரையிலிருந்து ஐந்தடிக்குக் கோடு. வீட்டுக்காரர் அவசரப்பட்டார், இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தேன். கடைசி நாள் நான் ஏணியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது புதிதாகக் குடிவருகிறவர்கள் வந்தார்கள். சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளைகள், கைக்குழந்தை வைத்திருந்தார்கள். அந்தப் பெண் சுவரைத் தொட்டுப் பார்த்து, "வீடு புதுசா இருக்கு, இல்லண்ணே?" என்று என்னிடம் கேட்டாள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். உத்தரத்தில் தொட்டில் கட்டக் கயிறு தேடிக்கொண்டிருந்தார்கள். இங்கே ஐந்தடி தண்ணீர் நின்றது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைய கூலியை வாங்கினேன். இரண்டு வருஷமாக அது உறுத்துகிறது. 2024 டிசம்பரில் ஆற்றில் மறுபடியும் வெள்ளம் என்றதும் ஓடிப்போய் அந்த வீட்டில் சொன்னேன். அந்த முறை தண்ணீர் அந்தச் சந்துக்கு வரவில்லை. அங்கே குடியிருந்தவர் என்னைப் பார்த்த பார்வை, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்பதுபோல இருந்தது.

இந்த வேலைக்கு வந்த புதிதில், 1992 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, என் மேஸ்திரி ஒரு பழைய வீட்டுச் சுவரில் இதே மாதிரிக் கோட்டைக் காட்டி, "பாத்துக்கோ, ஆத்துக்குக் கோபம் வந்தா இதுவரைக்கும்" என்றார். அடுத்த நாள் அதன் மேல் நானே சுண்ணாம்பு அடித்தேன். 2023-ல் தெருவில் பத்துப் பேர் 92 வெள்ளத்தைப் பத்து விதமாகச் சொன்னார்கள். ஒருவருக்கு முழங்கால், இன்னொருவருக்கு இடுப்பு, எங்கள் பெரியவருக்கு நடைக்குக் கீழே. எது சரி என்று காட்ட ஊரில் ஒரு சுவர் இல்லை. இருந்திருந்தால் அந்த இரண்டு மணி நேரத்தை விட்டிருக்க மாட்டோம்.

நம் ஆற்றுக்கு அளவுகோல் இல்லாமல் இல்லை. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. மண்டபத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டுத்தான் டவுன்காரர்கள் வெள்ளத்தை எடை போடுவார்கள். ஆனால் கோயில் மூழ்கினால் என் வீட்டு நடையில் எத்தனை அடி என்று அது சொல்லாது. ரயில் பாலத்துத் தூண்களில் அதுவரை வந்த பெரிய வெள்ளத்தின் மட்டத்தைக் கோடு போட்டு எழுதி வைப்பார்கள். அந்த மாதிரி எண் எழுதும் வேலைக்கு நானும் ஒருமுறை போயிருக்கிறேன். பாலத்துக்குச் செய்கிறோம், பிள்ளைகள் படுத்துத் தூங்கும் அறைக்குச் செய்வதில்லை.

இந்த மாதிரி வெள்ளம் நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருவது, இனி நம் காலத்தில் வராது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கச் சராசரியாகப் பெய்வதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு நின்றுபோனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த ஒரு மழைக்குப் புவி வெப்பம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. குமரிக் கடல் பக்கம் ஒரு காற்றுச் சுழற்சி நகராமல் நின்றது என்று அப்போது வானிலைக்காரர்கள் சொன்னார்கள். ஆனால் கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகள் ஒரு கணக்குச் சொன்னாள்: காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடுதலாக ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கொட்டும்போது அதையும் சேர்த்துக் கொட்டும். எனக்கு அது உடனே விளங்கியது. சித்திரை வெயிலில் பட்டி இழுத்தால் கரண்டி திரும்புவதற்குள் காய்ந்துவிடுகிறது. அந்த ஈரமெல்லாம் எங்கே போகிறது? காற்றுதான் குடிக்கிறது. 2024-தான் அளந்து பதிவு செய்த வருஷங்களிலேயே மிக வெப்பமான வருஷம் என்று உலக வானிலை அமைப்பு சொல்லியிருக்கிறது.

வெயிலைப் பற்றியும் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. முன்பெல்லாம் வெளிச்சுவரில் மதியச் சாப்பாடு வரைக்கும் நிற்போம். இப்போது பங்குனி பிறந்தால் விடிவதற்கு முன்னாலேயே சாரம் ஏறி, பத்தரைக்கு இறங்கிவிடுகிறோம். பாதிக் கூலி போகிறது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு 2024-ல் அறிவித்தது. நல்லது. மொட்டை மாடியில் இரண்டு கோட் வெறும் சுண்ணாம்பு அடித்தாலே கீழே இருக்கும் அறையில் வித்தியாசம் தெரியும், செலவும் கம்மி, இந்தப் பொங்கலுக்கு அதையும் செய்யுங்கள். ஆனால் வெயில் சுவரில் கோடு போட்டுவிட்டுப் போவதில்லை. வெள்ளம் போட்டுவிட்டுப் போகிறது. அதைத்தான் நாம் காசு கொடுத்து அழிக்கிறோம்.

நம் ஊர்ப் பெயர்களே ஒரு காலத்தில் இந்த வேலையைச் செய்தன. வேய்ந்தான்குளம் என்று சொன்னாலே அது தண்ணீர் நின்ற இடம் என்று புரியும். இன்றைக்கு அங்கே பஸ் ஸ்டாண்டு இருக்கிறது. பஸ் ஏறப் போகும் பிள்ளைகளுக்கு அது வெறும் பெயர். நூறு வருஷப் பெயரையே மறந்துவிட்டோம் என்றால், இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோட்டை மறக்க எத்தனை நாள் ஆகும்?

அதனால் ஆற்றோரத்து ஊர்க்காரர்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். சுவரைத் தாராளமாக வெள்ளையடியுங்கள். ஆனால் வீட்டில் ஏதாவது ஓர் இடத்தில், நிலைக்கதவுக்குப் பக்கத்தில் போதும், கோடு இருந்த மட்டத்தில் ஒரு சாண் நீளம் நீல பெயிண்டில் இழுத்து, 17.12.2023 என்று எழுதி வையுங்கள். கோடு மறைந்துபோயிருந்தால் கரண்ட் மீட்டர் பெட்டிக்குள்ளே, கதவுக்குப் பின்னால், பரணுக்கு அடியில் பாருங்கள். அங்கெல்லாம் யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை, மண் அப்படியே இருக்கும். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, பஸ் நிறுத்தம் இவற்றின் சுவரில் இதை எழுத ஊராட்சியும் மாநகராட்சியும் முன்வர வேண்டும். ஓர் ஊருக்கு ஒரு லிட்டர் பெயிண்ட்கூடச் செலவாகாது. வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் குடிவருகிறவர்களிடம் அந்த மட்டத்தைக் காட்டுங்கள். வாடகை குறையும் என்று பயப்படுகிறீர்கள், எனக்குத் தெரியும். அந்தச் சந்து வீட்டில் தொட்டில் கட்டியதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், காட்டுங்கள். புதிதாக வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறவர்கள் தரை மட்டத்தை அந்தக் கோட்டைப் பார்த்து முடிவு செய்யலாம். அரிசி, சர்டிபிகேட், மருந்து, பத்திரம் எல்லாவற்றையும் எந்தத் தட்டில் வைப்பது என்பதற்கும் அந்தக் கோடே போதும்.

என் வீட்டில் உள்ளறைச் சுவரை மட்டும் இன்னும் தொடவில்லை. போன மாதம் மகன் அதையும் அடித்துவிடலாம் என்று பெயிண்ட் வாங்கி வந்தான். பேத்திக்கு இப்போது ஏழு வயது. அந்தச் சுவரில்தான் அவள் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நின்று உயரம் குறிப்பாள். பென்சில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வருகின்றன. அன்றைக்கு அவள் சுவரில் முதுகை ஒட்டி நின்று, தலையில் கையை வைத்துத் திரும்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, நான் இன்னும் தண்ணிக்குள்ளதான் இருக்கேன், என்ன?" என்று கேட்டாள். மேலே அந்தப் பழுப்புக் கோடு ஒரு கை அகலம் தள்ளி இருந்தது. மகன் டப்பாவைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அன்று சாயங்காலமே பழுப்புக் கோட்டின் மேல் நீல பெயிண்ட் இழுத்துத் தேதி எழுதினேன். பேத்தியை அருகில் நிற்க வைத்து, தண்ணீர் எப்படி வந்தது, ஆச்சியை எப்படித் தூக்கினோம், எந்த வீட்டு மாடிக்குப் போனோம் என்று முழுவதையும் சொன்னேன். அவள் அதைத் தன் தோழிகளைக் கூட்டி வந்து காட்டிக்கொண்டிருக்கிறாள்.

இந்த மார்கழி முழுக்க எனக்கு ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பக்கம் வேலை இருக்கிறது. வண்டியில் ஒரு சின்ன நீல டப்பாவும் அரை இஞ்சு பிரஷ்ஷும் எப்போதும் வைத்திருக்கிறேன். தெருவில் ஏணியோடு பார்த்தால் கூப்பிடுங்கள், வந்து கோடு இழுத்துத் தேதி எழுதித் தருகிறேன். அதற்குக் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
வெள்ளையடிக்கும் தொழிலாளி ஒருவர்,
சிந்துபூந்துறை, திருநெல்வேலி