மாப்ளைக்கு, லைசன்ஸ் நின்னுபோன சமாச்சாரம்

மாப்ள,

நாலு தடவ போன் அடிச்சும் எடுக்கலன்னு கோவிச்சுக்காத. எடுத்தா மொத கேள்வியே "எங்கடா இருக்க, நாக்பூர் தாண்டிட்டியா"ன்னு கேப்ப, நான் மூணு மாசமா ஓனர் ஷெட்ல ஸ்டூல் போட்டு உக்காந்து டயர் கணக்கு எழுதிட்டு இருக்கேன்னு சொல்ல வாய் வரல. லாரி ஓட்டற ஹெவி லைசன்ஸ் ரினிவல் ஆகலடா.

நமக்கு முன்னாடி மூணு வருஷத்துக்கு ஒருக்கா இருந்துச்சே, 2019ல சட்டத்த மாத்தி அஞ்சு வருஷம் ஆக்குனாங்கல்ல. ஒவ்வொரு தடவையும் உடம்பு சரியா இருக்குன்னு 1ஏ ஃபார்ம்ல டாக்டர் கையெழுத்து வேணும். இத்தன வருஷமா என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியும், "கண்ணு நல்லா இருக்கா", "இருக்கு சார்", டொப்புன்னு சீல். இந்தத் தடவ புதுசா வந்த ஒரு அம்மா டாக்டர், நிறம் தெரியுதான்னு பாக்க, கலர் புள்ளிக்குள்ள நம்பர் ஒளிஞ்சிருக்கற புக்க எடுத்து வெச்சாங்க. மொத பக்கம் 12, அது எல்லாருக்கும் தெரியுமாம். அடுத்த பக்கத்துல நான் 3ன்னேன். அவங்க என்னையும் புக்கையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு "அது 8ங்க"ன்னாங்க. எவ்ளோ உத்துப் பாத்தாலும் எனக்கு 3 தான்டா.

நீ தான் தாபாவுல, பச்ச மொளகாயில பழுத்தத எடுத்து வெக்கறேன்னு சிரிப்பியே, அதேதான். அந்தம்மா மேல தப்பு சொல்ல மாட்டேன், ஆனா "நிறப்பார்வைக் குறைபாடு உண்டு"ன்னு மட்டும் எழுதி, எவ்ளோன்னு எழுதாம விட்டுட்டாங்க. ஆர்டிஓ ஆபீஸ் கவுண்டர்ல இருந்தவரு அந்த ஒரு வரிய பாத்ததும் பேப்பர திருப்பிக் குடுத்துட்டாரு, "கலர் பிளைண்டுக்கு ஹெவி கிடையாது, கெளம்புங்க"ன்னு.

வெளிய வந்தா புரோக்கர் ரெடியா நிக்கறான், வேற டாக்டர், வேற சர்டிபிகேட், அஞ்சாயிரம். பொய் சொல்ல மாட்டேன், பாதி மனசு ஒத்துக்கிச்சு. ஓனரு வேற "எடுத்து ஓட்டு, பாத்துக்கலாம்"ங்கறாரு, தொப்பூர் எறக்கத்துல ஏதாச்சும் ஆனா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிருவான், அப்ப யாரு பாத்துக்குவா?

யூனியன்ல இருக்கற பெரியவரு தான் கண்ணத் தொறந்தாரு. வாயில சொன்னத வாங்கிட்டு வந்தியா, அது செல்லாது, ஏன் மறுக்கறாங்கன்னு காரணத்தோட எழுதி வாங்கு, மோட்டார் வாகனச் சட்டம் 17வது பிரிவுலயே அப்படித்தான் இருக்கு, அந்த ஆர்டர் உன் கைக்கு வந்த நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள அப்பீல் போடலாம், ஆர்டரே இல்லன்னா எத எதுத்து அப்பீல் போடுவன்னாரு. அந்தத் துண்டுக் காயிதத்துக்கு மூணு தடவ அலைஞ்சேன் மாப்ள. சார் மீட்டிங், சார் லீவு, நாளைக்கு வாங்க. கடைசியா ஆர்டர் கேட்டு மனு எழுதி ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பினேன், பன்னெண்டாவது நாள் ஆர்டர் வந்துச்சு. என்னைய ஆகாதுன்னு எழுதின காயிதத்த பாத்து சந்தோஷப்பட்டவன் நானா தான் இருப்பேன்.

அப்புறம் தான் வெவரமே தெரிஞ்சுது. 2020 ஜூன்லயே மத்திய அரசு அந்த 1ஏ ஃபார்ம திருத்திருச்சு, லேசா, நடுத்தரமா நிறம் தெரியாதவங்களுக்கு லைசன்ஸ் குடுக்கலாம், ரொம்ப அதிகமா இருந்தா தான் ஆகாது. கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். 15 கலர் மூடிய கொட்டி, ஒன்னுக்கு அடுத்து ஒன்னா வரிசையா அடுக்கச் சொன்னாங்க. பேத்தி சொப்பு அடுக்கற மாதிரி உக்காந்து அடுக்கினேன், கையெல்லாம் வேர்வ. ரெண்டு எடத்துல தான் மாறியிருந்துச்சு. "லேசானது"ன்னு எழுதிக் குடுத்தாங்க, அத வெச்சு ஒரே பக்கத்துல அப்பீல்.

விசாரணைக்கு கூப்ட்டு அதிகாரி ஒரே கேள்வி கேட்டாரு: "சிக்னல்ல மேல எரிஞ்சா செவப்பு, கீழ எரிஞ்சா பச்சைன்னு எடத்த வெச்சு சொல்லிருவீங்க, ராத்திரில கம்பமே தெரியாத எடத்துல என்ன பண்ணுவீங்க?" எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. சிக்னல் பச்சையில கொஞ்சம் நீலம் கலந்து தான் செய்யறாங்க, அது எனக்கு வெளிறித் தெரியும், செவப்பு மங்கலா தெரியும், சந்தேகம்னா நின்னுருவேன்னு உள்ளத சொன்னேன். எழுதிக்கிட்டாரு. ஆனா அந்தக் கேள்வி என்னைய விடல மாப்ள, ரெண்டு நாள் தூங்கல, இவ்ளோ வருஷம் எப்படி ஓட்டினோம்னு.

போன வாரம் ஆர்டர் வந்துருச்சு. பழைய ஆர்டர் ரத்து, புது சர்டிபிகேட் வெச்சு ரினிவல் பண்ணிக்கலாம். தேதி முடிஞ்சு ஒரு வருஷம் ஆகாததால மறுபடி வண்டி ஓட்டி டெஸ்ட் குடுக்கற வேல இல்ல. கார்டு தபால்ல வரணும்.

ஆமா, ஆஸ்பத்திரில ஒன்னு சொன்னாங்க, இது அம்மா வழியா வர்றதாம், எனக்கு இருந்தா எம் மகளோட பையனுக்கும் வரலாமாம். நேத்து மகளோட சின்னப் பையன் மரம் வரைஞ்சு காட்டினான், இலைக்கெல்லாம் பிரவுன் அடிச்சிருக்கான். மககிட்ட இன்னும் சொல்லல. வெளையாட்டுக்குக் கூட நீ போன்ல உளறி வெக்காத, நானே நேரம் பாத்து சொல்லிக்கறேன்.

மாட்டுப் பொங்கலுக்கு வர்றல்ல? வண்டி நான் தான் ஓட்டுவேன்.

உன் மச்சான்