பின் கதவு ரப்பர்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நம் பழைய காரைப் பற்றி, "ஹெரால்டு இன்னும் ஒழுகுதாப்பா?" என்று கேட்டாயே, போனில் சொல்லி முடிகிற கதை இல்லை அது.

ஒழுகுகிறது. அதுவும் நீ உட்காரும் இடது பின் கதவில்தான். போன ஐப்பசி மழைக்கு அப்புறம் மிதியடியைத் தூக்கினேன். அடித் தகரம் விரல் பட்டாலே பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. கதவின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளும் மண் அடைத்துக் கிடந்தன. ஊக்கால் குத்தி எடுத்தேன், அரை டம்ளர் சேறு. கண்ணாடி ரப்பர் கருவாடு மாதிரி விறைத்துவிட்டது, வளைத்தால் வெடிக்கிறது. வருஷக்கணக்கில் கிரீஸ் தடவித் தடவி அதைக் கெடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. எண்ணெய்ப் பசை ரப்பரை ஊதவைத்துவிடும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

பின் கதவு ரப்பரில் நாலங்குலத் துண்டு ஒன்றை அறுத்துக்கொண்டு ஜி.பி. ரோட்டில் உதிரிபாகக் கடை கடையாக ஏறினேன். "அம்பாசிடருக்கு இருக்கு, ஃபியட்டுக்கு இருக்கு. இது என்ன வண்டி சார்?" என்றான் ஒரு பையன். வண்டலூர் பக்கம் செய்த வண்டிப்பா என்றால் நம்பவில்லை.

சிக்கல் என்ன தெரியுமா? இங்கிலாந்தில் நீ இருக்கும் அதே கவென்ட்ரியில்தான் இதன் மூல வண்டியான ட்ரயம்ஃப் ஹெரால்டைச் செய்தார்கள். அதன் ரப்பர்கள் அங்கே இன்றும் புதிதாக விற்கின்றன. ஆனால் அவர்களுடையது இரண்டு கதவு. நாலு கதவு ஹெரால்டு நம் ஊரில் மட்டும் வந்தது. பின் கதவு ரப்பருக்கு இங்கிலாந்திலும் போக்கிடம் இல்லை.

அம்பாசிடரின் கதவு ரப்பரை ஒட்டிப் பார்த்தேன். தடிமன் அதிகம், கதவை உதைத்துத்தான் சாத்த வேண்டியிருந்தது. பிய்த்துவிட்டேன். அம்பத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் என் துண்டைப் பார்த்து அச்சு வெட்டி ரப்பர் செய்து தருகிறோம் என்கிறார்கள். வெயிலுக்குத் தாங்கும் ஈ.பி.டி.எம். ரப்பர்தான், ஆனால் நூறு மீட்டருக்குக் குறைந்து செய்யமாட்டார்களாம். எனக்குத் தேவை எட்டு மீட்டர். தெரிந்த ஹெரால்டுக்காரர்கள் நாலு பேரைப் பங்குக்குப் பிடித்திருக்கிறேன், ஒருவர் மட்டும் இழுக்கிறார்.

முன் கண்ணாடி ரப்பரை நீ வாங்கி வா. பணம் கட்டுமுன் அதன் குறுக்குவெட்டைப் படம் எடுத்து அனுப்பு, பழையதோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். மாட்டுவதற்கும் நீ வேண்டும். ரப்பரின் உள்பள்ளத்தில் கயிற்றைச் சுற்றிவைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, நான் வெளியிலிருந்து கண்ணாடியைத் தட்டி அழுத்துவேன். நீ உள்ளே உட்கார்ந்து கயிற்றை மெல்ல இழுத்தால் ரப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டி ஏறிக்கொள்ளும். அம்மாவைக் கேட்டேன், கண்ணாடி உடைந்தால் பழி தன் தலையில் விழும் என்று மறுத்துவிட்டாள்.

பெட்டியில் ரப்பரை மடித்து அமுக்காதே, வளையமாகச் சுருட்டி மேலே வை. மடிப்பு விழுந்த இடத்தில் மறுபடி ஒழுகும்.

அன்புடன்,
அப்பா