முகமண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை: கிரேனுக்கு இரண்டு நாள் வாடகை ஆனது ஏன்?

தலைக்கட்டு வரி கொடுத்த அனைவருக்கும், வெளியூரிலிருந்து நன்கொடை அனுப்பிய நம் பிள்ளைகளுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

அம்மன் அருளால் முகமண்டபக் கல்வேலை முடிந்து, கும்பாபிஷேகமும் நல்லபடியாக நடந்தேறிவிட்டது. வரவு செலவுக் கணக்கு ரசீதுகளோடு கோவில் அலுவலகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். அதில் ஒரு வரியைப் பற்றித்தான் பலரும் கேட்கிறீர்கள். ஆறு உத்திரங்களை ஏற்ற ஒரு நாள் போதும் என்று பொதுக்கூட்டத்தில் சொல்லிவிட்டு, கிரேனுக்கு இரண்டு நாள் வாடகை கொடுத்திருக்கிறோம். முதல் நாள் ஒரு கல்லும் ஏறவில்லை.

அன்று காலையில் வந்து நின்றது நாங்கள் பேசியிருந்த வண்டி அல்ல. 14 டன் ஹைட்ரா, அதாவது கால் ஊன்றாமல் சக்கரத்தில் நின்றபடியே தூக்கும் சிறிய கிரேன். "14 டன் தூக்குகிற வண்டிக்கு உங்கள் கல் எம்மாத்திரம்?" என்றார் கூட வந்தவர். ஸ்தபதி முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார். நீளம் 12 அடி, அகலம் 2 அடி, கனம் ஒன்றரை அடி. 36 கன அடி. கருங்கல் கன அடிக்குச் சுமார் 75 கிலோ. ஆக, ஓர் உத்திரம் 2,700 கிலோ. 14 டன் என்பதோ, கிரேனின் தூக்கும் கையை மடக்கி வண்டியின் மூக்கை ஒட்டித் தூக்கும்போது மட்டும். கை நீள நீள, தாழத் தாழ, தூக்கும் திறன் மளமளவென்று இறங்கிவிடும். நமக்குத் தூண்களைத் தாண்டி எட்டு மீட்டர் எட்ட வேண்டும். ஆபரேட்டர் தன் அறையில் ஒட்டியிருந்த சுமை அட்டவணையில் விரல் வைத்துப் பார்த்தார். அந்தத் தூரத்துக்கு இரண்டு டன்கூட இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். அந்த இளைஞருக்கு இந்தக் குழு கடமைப்பட்டிருக்கிறது.

ஆண்டுதோறும் செய்ய வேண்டிய ஆய்வின் சான்றிதழும் காலாவதியாகியிருந்தது. வண்டியைத் திருப்பி அனுப்பினோம். முன்பணமாகக் கொடுத்த ஒரு நாள் வாடகை திரும்பி வரவில்லை. சான்றிதழைப் பார்க்காமல் பணம் கொடுத்தது எங்கள் தவறு.

ஆனாலும் அந்த நாள் வீணாகவில்லை. வாசலில் பூக்கட்டும் அப்பத்தா, "தென்கிழக்கு மூலையில் பழைய கிணறு ஒன்று இருந்ததே, அதை மூடியாகிவிட்டதா?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் தெரியாது. கடப்பாரையை ஊன்றிப் பார்த்தோம். மற்ற இடத்தில் ஒரு சாண்கூட இறங்காதது, அங்கே பாதிக்கு மேல் இறங்கியது. கிரேனின் ஒரு கால் ஊன்றுவதற்கு நாங்கள் குறித்திருந்த இடம் அது.

நான்கு கால் ஊன்றி நிற்கும் பெரிய கிரேன் மூன்றாம் நாள்தான் கிடைத்தது. கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்தி, ஒவ்வொரு காலுக்கும் அடியில் கனமான மரக்கட்டைகளை அடுக்கினோம். மேற்கு வீதி மின்கம்பியில் மின்வாரியத்தார் வந்து மின்சாரத்தை நிறுத்திய பிறகே கை மேலே எழுந்தது. தஞ்சாவூர்க் களிமேட்டில் 2022 ஏப்ரலில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 உயிர் போனதை மறக்க முடியுமா? அரக்கோணம் அருகே கீழ்வீதியில் 2023 ஜனவரித் திருவிழாவில் கிரேன் சாய்ந்து பக்தர்கள் இறந்ததும் கண்முன் நின்றது. அதனால்தான் வேடிக்கை பார்க்க வந்தவர்களை, எங்கள் வீட்டுப் பெரியவர்கள் உட்பட, கயிறு கட்டி வெளியே நிறுத்தினோம். வருத்தப்பட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல்லின் விளிம்பு, அதைச் சுற்றித் தூக்கும் பெல்ட்டை அறுத்துவிடாமல் இருக்க ஸ்தபதியின் ஆட்கள் மரச்சட்டமும் சாக்கும் வைத்துக் கட்டினார்கள். பெல்ட் இரண்டையும் நீளமாக விட்டுச் செங்குத்தாக ஏற்றினார்கள். அவை கல்லோடு 30 பாகையில் படுத்துவிட்டால், ஒவ்வொன்றும் கல்லின் முழு எடைக்குச் சமமான இழுவையைத் தாங்க வேண்டி வரும். சைகை காட்ட ஒரே ஆள். முதல் கல்லை ஒரு சாண் மட்டும் தூக்கி நிறுத்தினார்கள். சாக்கு மெல்ல நகர்ந்தது, பெல்ட் இரண்டு விரல்கடை வழுக்கியது. "இறக்கு!" என்ற ஒரே சொல்லில் கல் தரைக்கு வந்தது. அவிழ்த்து மறுபடி கட்ட அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு ஆறும், இரண்டு முனையிலும் வழிக்கயிறு பிடிக்க, ஆடாமல் ஏறி, பொழுது சாய்வதற்குள் தூண்தலையில் உத்திரம் தாங்கும் போதிகைகளின்மேல் உட்கார்ந்தன. ஒருவர் கையிலும் ஒரு கீறல் இல்லை.

மூடிய கிணறு இருக்கும் இடத்தில் அடையாளக் கல் ஒன்று பதித்திருக்கிறோம். இனி பிராகாரத்துக்குள் கனரக வண்டி எது வந்தாலும் அதன்மேல் நிறுத்த வேண்டாம்.