நிழற்குடையில் எவர்சில்வர் இருக்கை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓட்டை போட்ட எவர்சில்வர் தகட்டு இருக்கைகளோடு வந்திருக்கும் புதிய பேருந்து நிழற்குடைகள் பற்றிய செய்தியைப் படித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் கத்திரி வெயிலில் மூன்று மணிக்கு அங்கே உட்கார முடிகிறதா? மேற்கு வெயில் கூரைக்கு அடியில் புகுந்து நேராக இருக்கை மேல் விழுகிறது.

சென்ற வாரம் எங்கள் ஊர் நிறுத்தத்தில் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண் ஓடிவந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்திலேயே அலறி எழுந்தாள். தகட்டின் ஓட்டை வரிசை அப்படியே தொடையில் சிவப்பாகப் பதிந்திருந்தது. பக்கத்திலேயே பூக்கார அம்மா சாக்கை நாலாக மடித்துப் போட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். சாக்கு மடிப்புகளுக்குள் நிற்கும் காற்று சூட்டை எளிதில் கடத்தாது.

“மர பெஞ்சும் வெயிலில் சுடும்தானே?” என்று கேட்கிறார்கள். சுடும். ஆனால் மரத்தைத் தொட்டால் மேல்பரப்பில் இருக்கிற கொஞ்சம் சூடுதான் உடம்புக்கு வரும். உள்ளே இருப்பது மெதுவாகத்தான் நகரும். எவர்சில்வரோ மரத்தைவிட ஏறத்தாழ 100 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். தொட்ட இடம் ஆற ஆற, சுற்றியுள்ள தகட்டிலிருந்து சூடு அங்கே ஓடிவரும். மார்கழி விடியலில் இதே இருக்கை சில்லிடுவதற்கும் காரணம் இதுதான். இரவெல்லாம் கிடந்து காற்றின் வெப்பநிலைக்கு வந்துவிட்ட தகடு, அதைவிடச் சூடான நம் உடம்பிலிருந்து வெப்பத்தை விறுவிறுவென்று இழுத்துக்கொள்கிறது.

“கொஞ்ச நேரம் பொறுத்தால் சரியாகிவிடும்” என்று சொல்பவர்களும் உண்டு. தகடும் தோலும் ஒரே வெப்பநிலைக்கு வந்தபின் சுடாதுதான். அதுவரை தகடு இழக்கிற சூடு எங்கே போகிறது? நம் தோலுக்குள்தானே! 60 டிகிரி செல்சியஸ் சூடு ஐந்தாறு விநாடி பட்டாலே பெரியவர்களுக்கே தோல் வெந்துவிடும். குழந்தைகளின் தோல் இன்னும் மெல்லியது.

இருக்கைகளைப் பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை. தகட்டின் மேல் இடைவெளி விட்டு மரச்சட்டங்களைத் திருகாணி போட்டு முடுக்கினால் போதும். மேற்குப் பக்கம் ஒரு மறைப்பும் வேண்டும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் இதைச் செய்து தருமாறு சம்பந்தப்பட்டவர்களை உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை