சீதக்கா கருத்தரங்கிற்குத் துணை நின்ற அனைவருக்கும் நன்றி

ஓசூர் நண்பர்களுக்கு வணக்கம்.

தெலங்கானா அமைச்சர் தனசரி அனசூயா என்னும் சீதக்காவின் அரசியல் வாழ்வு குறித்து எங்கள் வாசகர் வட்டம் நடத்திய கருத்தரங்கு, உங்கள் உதவியால் நல்ல முறையில் நடந்தேறியது. கூடத்தை வாடகையின்றித் தந்தவர்களுக்கும் ஒலிபெருக்கி அமைத்துத் தந்தவருக்கும் முதற்கண் எங்கள் நன்றி.

ஓய்வுபெற்ற தெலுங்கு ஆசிரியை அவர்களுக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். முளுகு வட்டாரத்தில் ஒரு கோயா பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, பதின்ம வயதிலேயே நக்சலைட் ஆயுதக் குழுவில் சேர்ந்து, 1997ஆம் ஆண்டு சரணடைந்து, பின்னர் சட்டம் படித்து வாரங்கல்லில் வழக்கறிஞரான ஒருவரின் கதையை, தெலுங்கு நாளிதழ்ச் செய்திகளையும் நேர்காணல்களையும் தேடித் தொகுத்து அவர் தமிழில் தந்தார். 2020 ஊரடங்கின்போது சீதக்கா அரிசியும் காய்கறியும் சுமந்து சாலையில்லாத காட்டூர்களுக்கு நடந்து சென்ற படங்களைப் பார்த்திருந்த எங்களில் பலருக்கு, சத்தீஸ்கரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, பழங்குடியினர் என்ற சான்றுகூடக் கிடைக்காமல் வாழும் கொத்திகோயா மக்களைப் பற்றி ஆய்வு செய்து 2022இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் பெற்றது புதிய செய்தி. படங்களைவிட அந்த ஆய்வே அவரை எங்களுக்கு நன்கு அறிமுகப்படுத்தியது என்பேன்.

எங்கள் வழக்கறிஞர் நண்பர், சீதக்கா 2004இல் தோற்று, 2009இல் வென்று, 2014இல் மீண்டும் தோற்று, கட்சி மாறி 2018இலும் 2023இலும் வென்ற அந்தத் தேர்தல் கணக்கை நிதானமாக விளக்கினார். சீதக்கா போட்டியிட்ட முளுகு, பழங்குடியினருக்கான தனித் தொகுதியாக இல்லாதிருந்தால் எந்தப் பெரிய கட்சியும் அவருக்கு வாய்ப்பளித்திருக்காது என்று வழக்கறிஞர் சொன்னதில் எனக்கும் உடன்பாடே. தனிமனித உறுதியை மட்டும் போற்றிவிட்டு இட ஒதுக்கீட்டை மறந்துவிடுவது நம் மேடைகளின் வழக்கம். ஆயுதப் போராட்ட ஆண்டுகளை வீரக்கதையாக்க வேண்டாம், அந்த வன்முறையில் உறவுகளை இழந்த குடும்பங்களும் உண்டு என்று எழுந்து நின்று சொன்ன பெரியவருக்கும் தனியே நன்றி சொல்ல வேண்டும். அவர் பேசிய பிறகுதான் விவாதம் உண்மையில் சூடுபிடித்தது.

அஞ்செட்டி மலைப்பகுதியிலிருந்து இருளர் பெண்களை அழைத்து வந்த வேன் உரிமையாளர் டீசல் செலவுக்கு மேல் ஒரு ரூபாயும் பெற்றுக்கொள்ளவில்லை. தேர்தலில் நிற்க எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று அப்பெண்களில் ஒருவர் கேட்டதே அன்றைய கேள்விகளில் ஆகச் சிறந்தது. சட்டமன்றத் தேர்தலுக்கு வைப்புத்தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி என்று வழக்கறிஞர் கூற, பேச்சு அங்கிருந்து ஊராட்சி வார்டுகளுக்கும், தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குள்ள 50 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கும் நகர்ந்தது. குறித்த நேரத்தைத் தாண்டியும் முகம் சுளிக்காமல் காத்திருந்த கூடப் பணியாளர்களுக்கு எங்கள் வணக்கம்.

தேநீரும் சுண்டலும் வழங்கிய மகளிர் குழுவினருக்கும், துண்டறிக்கைகளை அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும் நன்றி. ஆசிரியை மொழிபெயர்த்த கட்டுரைகளின் நகல்கள் வாசகர் வட்டத்தில் உள்ளன; விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் பெற்றுக்கொள்ளலாம். வேட்புமனு நிரப்புவது குறித்து அப்பெண்கள் கேட்டுக்கொண்ட பயிற்சியை அஞ்செட்டியிலேயே நடத்த வழக்கறிஞர் இசைந்துள்ளார். அதற்கும் வேன் தர அதே உரிமையாளர் முன்வந்திருப்பதால், அவருக்கு இன்னொரு முறையும் நன்றி.

இப்படிக்கு,
வாசகர் வட்டத்தின் சார்பில், ஒருங்கிணைப்பாளர்