ஓகிப் புயலின்போது எங்களுக்காக மன்றாடியவர்களுக்கு நன்றி மடல்

கிறிஸ்துவில் அன்புக்குரிய ஊராருக்கும் உறவுகளுக்கும்,

2017 நவம்பர் 30 அன்று ஓகிப் புயல் குமரிக் கடலைப் புரட்டிப் போட்டபோது, அதற்கு முன்பே ஆழ்கடல் தூண்டில் தொழிலுக்குப் போயிருந்த என் கணவரும் உடன் சென்றவர்களும் எச்சரிக்கை எட்டாத தொலைவில் இருந்தார்கள். அவர் உயிரோடு வீடு வந்து சேர்ந்துவிட்டார். ஆனால் நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள எங்கள் கடற்கரையில் இன்னும் எத்தனையோ வீடுகளுக்கு ஆள் திரும்பவில்லை. அந்த வீடுகளின் நடுவே இருந்துகொண்டு இதை மகிழ்ச்சி மடலாக எழுத மனம் வரவில்லை; ஆயினும் நன்றி சொல்லாமல் இருப்பது முறையன்று.

முதல் நன்றி எங்கள் அன்பியத்துப் பெண்களுக்கு; அன்பியம் என்பது பங்கில் அக்கம்பக்கத்து வீட்டார் கூடிச் செபிக்கும் குழு. எந்தத் தகவலும் வராத அந்த நாட்களில், 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினால் அதற்குமேல் எனக்கு நா எழவில்லை. நீங்கள் என் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து அமர்ந்து, நான் விட்ட இடத்திலிருந்து எடுத்து, 53 மணிச் செபமாலையை இரவுதோறும் சொல்லி முடித்தீர்கள். உங்களுள் சிலருடைய பிள்ளைகளும் அப்போது கடலில்தான் இருந்தார்கள். விசுவாசத்தில் உறுதியாக இருந்தாய் என்று இன்று என்னைப் பாராட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: உறுதியாக இருந்தவர்கள் இந்தப் பெண்கள், நான் அவர்கள்மேல் சாய்ந்திருந்தேன்.

எங்கள் பங்குத்தந்தைக்கும் நன்றி. டிசம்பர் 3, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலமான திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. வீட்டுத் தலைவர் மாலையிலோ, நள்ளிரவிலோ, சேவல் கூவும் நேரத்திலோ, காலையிலோ எப்போது வருவார் என்று தெரியாததால் விழித்திருங்கள் என்ற நற்செய்தி அன்று வாசிக்கப்பட்டபோது கோயிலில் அழாதவர் இல்லை. எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று தந்தை எளிதாக வாக்குக் கொடுக்கவில்லை. கடலில் இருந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து மன்றாடினார். அந்த நேர்மைதான் என்னைத் திரும்பவும் செபிக்க வைத்தது.

படகின் பெயர், பதிவு எண், ஆட்களின் பெயர் என்று உறங்காமல் பட்டியல் எடுத்த இளைஞர்களுக்கும், சொந்தப் படகிலேயே தேடப் புறப்பட்ட மீனவச் சகோதரர்களுக்கும் என்றென்றும் கடன்பட்டுள்ளேன். டிசம்பர் 7 அன்று தேடுதலை விரைவுபடுத்தக் கோரிக் குழித்துறை ரயில் நிலையத்தில் திரண்ட ஆயிரக்கணக்கானோரையும் நினைக்கிறேன். லூக்கா நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில், நீதி கேட்டு நடுவரிடம் ஓயாமல் போய் நின்ற கைம்பெண்ணை மனந்தளராமல் மன்றாடுவதற்கு எடுத்துக்காட்டாக ஆண்டவர் காட்டுகிறார். ஆகவே, உங்கள் கோரிக்கையும் எனக்கு ஒரு மன்றாட்டாகவே தெரிந்தது.

மராட்டிய மாநிலம் தேவ்கட் துறைமுகத்து மக்களே, அங்கே கரை சேர்ந்த, மொழி தெரியாத எங்கள் ஆட்களுக்கு நீங்கள் சோறும் மாற்றுத்துணியும் தந்தீர்கள். பேசுவதற்குக் கைப்பேசியும் கொடுத்தீர்கள். எஞ்சின் நின்ற படகில் இரவும் பகலும் தண்ணீர் இறைத்து என் கணவரின் உள்ளங்கைகள் தோலுரிந்திருந்தன. அந்தக் கைகளுக்கு அங்கே மருந்து வைத்துக் கட்டியவர் யாரென்று தெரியவில்லை. அவருக்காக நாள்தோறும் செபிக்கிறேன்.

எங்களுக்காகத் தொழுகையில் துஆ கேட்ட பக்கத்து ஊர் இசுலாமியக் குடும்பங்களுக்கும், கோயிலில் வேண்டிக்கொண்ட இந்து உறவுகளுக்கும் மனமார்ந்த நன்றி.

இந்த ஆண்டு எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டவில்லை. அன்பியத்தின் செபமாலை மட்டும் நிற்காமல் தொடர்கிறது. திரும்பி வராதவர்களின் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய வீடுகளில் முறைவைத்துச் சொல்கிறோம். எனக்காக மன்றாடிய அனைவரும் இனி அந்தக் குடும்பங்களுக்காக மன்றாடும்படி கேட்டுக்கொள்கிறேன். இயன்றவர்கள் மாலை ஏழு மணிக்கு நேரில் வாருங்கள்.

இறையன்பில்,
தூத்தூர் கடற்கரையிலிருந்து ஒரு மீனவரின் மனைவி