ஹாட் டிஷ்ஷில் கிம்ச்சி

செயின்ட் பால், மினசோட்டா

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. ஆனால் டாக்டர் வேண்டாம் என்ற பிறகும் மொட்டை மாடிக்கு ஏறிக் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாயாம். கடைசிப் பக்க ஓரத்தில் தங்கச்சி ஒரு வரி எழுதிப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அவள் சொல்வதைக் கேள்.

இங்கே குளிர் வழக்கம்போலத்தான். மைனஸ் 20 வந்தால்கூட யாரும் பேசுவதில்லை, அதற்கும் கீழே போனால்தான் பேச்சு. பெரியவளுக்கு வேலை மாறிவிட்டது, சிகாகோவுக்குப் போகிறாள். சின்னவன் கல்லூரியில் என்ன படிக்கிறான் என்பது அவனுக்குத் தெரிந்தால் எனக்கும் சொல்வான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்து, "கண்ணாடித் தட்டில் குட்டி வடை அடுக்கி வைத்த மாதிரி இருக்கிறதே, என்னடா அது?" என்று கேட்டிருந்தாய். அது டேட்டர் டாட் ஹாட் டிஷ், எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டு ஓவனில் வேக வைக்கும் சாப்பாடு. மற்ற மாநிலத்துக்காரர்கள் பெரும்பாலும் கேசரோல் என்பார்கள். அடியில் வதக்கிய மாட்டுக் கொத்துக்கறி, அதோடு டின்னில் வரும் காளான் க்ரீம் சூப், கொஞ்சம் பீன்ஸ் அல்லது பட்டாணி. இதற்கெல்லாம் மேலே வரிசையாக டேட்டர் டாட்ஸ். துருவிய உருளைக்கிழங்கைச் சின்ன உருளையாகப் பிடித்துப் பொரித்து உறைய வைத்த சரக்கு அது. ஓர்-ஐடா கம்பெனியை நடத்திய க்ரிக் சகோதரர்கள் 1953-ல் கண்டுபிடித்தது. ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் வெட்டியது போக மிஞ்சிய துணுக்குகளை அதுவரை மாட்டுத் தீவனத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ஹாட் டிஷ் அதைவிடப் பழையது. எழுத்தில் கிடைக்கும் முதல் குறிப்பு, 1930-ல் மேன்கேட்டோ என்ற ஊரில் லூத்தரன் தேவாலயப் பெண்கள் அச்சிட்ட சமையல் புத்தகத்தில் இருக்கிறது என்கிறார்கள். பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம். கொஞ்சம் கறியை வைத்துக்கொண்டு பெரிய குடும்பத்துக்கு வயிறு நிரம்ப வைக்க வேண்டும். 1934-ல் கேம்பல் கம்பெனி காளான் சூப்பை டின்னில் அடைத்து விற்க ஆரம்பித்ததும் வேலை இன்னும் சுலபமாகிவிட்டது. தேவாலய விருந்துகளில் அந்தச் சூப் இல்லாத பாத்திரமே கிடையாது என்பதால், லூத்தரன் பசை என்று இவர்களே கிண்டல் செய்வார்கள்.

ருசி எப்படி என்று கேட்பாய். உப்பு, கொழுப்பு, மாவு. மிளகுத்தூளையே காரம் என்று சொல்லும் ஊர் இது. ஆனாலும் நான் இந்தச் சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பெயர்கூடச் சரியாகத் தெரியாத அக்கம்பக்கத்தார் ஒருவர் மாற்றி ஒருவர் ஹாட் டிஷ்ஷோடு வாசலில் வந்து நின்றார்கள். தட்டைத் திருப்பித் தர வசதியாக அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருப்பார்கள். குழந்தை பிறந்தாலும் இதுதான், சாவு விழுந்தாலும் இதுதான். இந்த மாநிலத்து எம்.பி.க்கள் 2011-ல் வாஷிங்டனில் ஹாட் டிஷ் போட்டியே ஆரம்பித்தார்கள், அந்த அளவுக்கு அபிமானம்.

நீ போட்டோவில் பார்த்தது கொஞ்சம் வேறு. அதில் கிம்ச்சி இருக்கிறது, கொரியர்கள் மிளகாய் போட்டுப் புளிக்க வைக்கும் கோஸ். கொச்சுஜாங் இருக்கிறது, அது அவர்களுடைய மிளகாய் விழுது. ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரி சொல்லிக் கொடுத்தது. அவளுக்குக் கொரிய முகம், நார்வேக்காரக் குடும்பப் பெயர். குழந்தையாக இருந்தபோதே தத்தெடுத்து இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். இப்படிக் கொரியாவிலிருந்து வந்து இந்த மாநிலத்தில் வளர்ந்தவர்கள் 10,000 பேருக்கும் மேல் என்கிறார்கள். கொரியப் போர் முடிந்த 1950-களில் தொடங்கியது, 70-களிலும் 80-களிலும் உச்சத்துக்குப் போனது. அவள் சிறுவயதில் தின்று வளர்ந்தது ஹாட் டிஷ். கிம்ச்சியை முதன்முதலில் வாயில் வைத்தது கல்லூரிக்குப் போன பிறகு. முதல் வாயில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். காரத்தால் என்று சொன்னாள், நான் மேலே கேட்கவில்லை.

2025 மார்ச்சில் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், அந்தத் தத்துகளில் பலவற்றில் ஆவணங்கள் திரிக்கப்பட்டன, பெற்றோர் இருக்கும் குழந்தைகளை அனாதை என்று எழுதி அனுப்பினார்கள் என்று அறிவித்தது. அந்த வாரம் அவள் மதியச் சாப்பாட்டுக்கு எங்களோடு உட்காரவில்லை. அதனால் "ஆஹா, இரண்டு கலாசாரமும் ஒரே தட்டில்!" என்று யாராவது அந்தச் சாப்பாட்டைப் பாராட்டினால் எனக்கு என்னவோ போல் இருக்கும். அவளோ சிரித்துவிட்டு, "உருளைக்கிழங்கு ஆறிப்போகிறது, சாப்பிடுங்கள்" என்பாள்.

இன்னொன்று சொன்னால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்தச் சேர்க்கையைப் புதுமை என்கிறார்கள், ஆனால் கொரியர்கள் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். இங்கிருந்து தெற்கே 160 கிலோமீட்டரில் ஆஸ்டின் என்று ஒரு சின்ன ஊர். ஹார்மெல் கம்பெனி 1937-ல் ஸ்பாம் என்ற டின் பன்றிக்கறியை அறிமுகப்படுத்தியது அங்கேதான். கொரியப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களோடு அதுவும் போயிற்று. கொரியாவே பசியில் கிடந்தது. சியோலுக்கு வடக்கே உய்ஜோங்பூவில் இருந்த ராணுவ முகாம்களிலிருந்து நேர்வழியிலும் குறுக்கு வழியிலும் வெளியே வந்த ஸ்பாம், சாசேஜ், டின் பீன்ஸ் எல்லாவற்றையும் கிம்ச்சியோடும் மிளகாயோடும் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். பூதே ஜிகே என்று பெயர், முகாம் குழம்பு என்று வைத்துக்கொள். இன்றைக்கும் உய்ஜோங்பூவில் ஒரு தெரு முழுக்க அந்தக் கடைகள். சியோல் கடைகளில் மேலே அமெரிக்கச் சீஸ் ஒரு துண்டும் போட்டுத் தருவார்கள். ஸ்பாம் 1987 முதல் கொரியாவிலேயே தயாராகிறது, சூசோக் என்ற அறுவடைப் பண்டிகைக்கு அதை அழகான பெட்டியில் வைத்துப் பரிசாகக் கொடுக்கிறார்கள். இங்கே அதையே ஏழைச் சாப்பாடு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு.

ஆக, இந்த ஊர் டின் சாமானுக்கும் கிம்ச்சிக்கும் பழக்கம் எழுபது வருஷமாக இருக்கிறது. அங்கே பசியில் கலந்தார்கள், இங்கே நாங்கள் நிதானமாகக் கலக்கிறோம், அவ்வளவுதான்.

இது ஏன் நன்றாக வருகிறது என்று யோசித்தேன். க்ரீம் சூப்பும் சீஸும் நாக்கில் பூசிக்கொண்டு நிற்கும், நாலு வாய்க்கு மேல் திகட்டும். புளித்த கிம்ச்சி அந்தக் கொழுப்பை வெட்டிவிடுகிறது. கொச்சுஜாங்கில் மிளகாய்த்தூளும் ஒட்டும் அரிசியும் புளிக்க வைத்த சோயாவும் சேர்ந்து இருப்பதால் காரத்தோடு இனிப்பும் ஒரு ஆழமும் கிடைக்கும். சும்மா மிளகாய்த்தூளைத் தூவினால் அது வராது. நம் மிளகாய்த்தூள் விதையோடு நைசாக அரைத்தது. அவர்களுடையது விதை நீக்கி, கொரகொரப்பாக, காரம் குறைவாக, நிறம் தூக்கலாக இருக்கும்.

நீ செய்து பார்ப்பாய் என்று தெரியும், அதனால் விவரமாகவே எழுதுகிறேன். கிம்ச்சி நன்றாகப் புளித்ததாக இருக்க வேண்டும். புதுக் கிம்ச்சி ஓவனில் வெந்த கோஸ் ஆகிவிடும், ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒன்றரைக் கப் எடுத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைத் தனியே வைத்துக்கொள். பிழியாமல் போட்டால் அடிப்பக்கம் கஞ்சி. நறுக்கி, ஓரம் சிவக்கும் வரை எண்ணெயில் வதக்கு. மாட்டுக்கறி உன் வீட்டுக்குள் வராது, கோழிக் கொத்துக்கறி 450 கிராம் போதும். அதை வெங்காயம், பூண்டு, இஞ்சியோடு நீர் வற்ற வதக்கி, கொச்சுஜாங் 2 மேஜைக்கரண்டி, சோயா சாஸ் 1 மேஜைக்கரண்டி சேர். டின் சூப்புக்கு அலைய வேண்டாம். வெண்ணெயில் காளானையும் மைதாவையும் வறுத்துப் பால் விட்டுக் கெட்டியாகக் காய்ச்சினால் முடிந்தது. பிழிந்த கிம்ச்சித் தண்ணீரைக் கடைசியில் இதில் கலக்கு. மாவு இருப்பதால் திரியாது. உப்பு மட்டும் தனியாகப் போட்டுவிடாதே, எல்லாவற்றிலும் ஏற்கெனவே இருக்கிறது.

எல்லாம் ஒன்றாகக் கலந்து தட்டில் பரப்பி, கொஞ்சம் சீஸ் தூவி, மேலே உறைந்த உருளைக்கிழங்குத் துண்டுகளை அடுக்கு. 200 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி நேரம். அழகுக்காக மேலேயும் கொச்சுஜாங் தடவச் சொல்வார்கள், வேண்டாம், அதிலுள்ள சர்க்கரை கருகிக் கசக்கும். வெளியே எடுத்ததும் வெங்காயத்தாள், வறுத்த எள், சில சொட்டு எள்ளெண்ணெய். நம் நல்லெண்ணெய் இதற்குச் சரிவராது, நாம் எள்ளை வறுக்காமல் ஆட்டுகிறோம், அவர்கள் வறுத்து ஆட்டுகிறார்கள். வாசனையே வேறு.

தங்கச்சிக்குக் கறிக்குப் பதில் இன்னும் கொஞ்சம் காளான் போட்டுத் தனித் தட்டில் செய். ஆனால் கடைக் கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாஸோ உப்பிறாலோ இருக்கும், லேபிளைப் படிக்காமல் அவளுக்குக் கொடுத்துவிடாதே. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த பிறகு உங்கள் பக்கம் கொரியக் கடைகளுக்குப் பஞ்சமில்லை என்று நீதானே எழுதினாய். சாமான் எல்லாம் அங்கேயே கிடைக்கும், என்னைச் சுமந்து வரச் சொல்லாதே.

கோடையில் ஊருக்கு வருவதாக இருக்கிறேன், டிக்கெட் விலைதான் மிரட்டுகிறது. நம் பழைய விடுதி வார்டனின் மகன் திருமணப் பத்திரிகை உனக்கும் வந்ததா? வந்திருந்தால் என் சார்பிலும் மொய் எழுதிவிடு, வந்ததும் கணக்குத் தீர்க்கிறேன். முழங்கால் பற்றி அடுத்த கடிதத்தில் உண்மையை எழுது.

உன்
சேகர்